போகமுன் சொல்லிவிட்டுப் போகட்டும்

நிக்கோசியா, சைப்பிரஸ்
2025 பெப்ரவரி 9

அன்புள்ள மாக்ரெட் அக்காவுக்கு,

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. ஆனாலும் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? நீங்களும் அத்தானும் பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

வீட்டுக்கு எழுதாமல் ஏன் வெள்ளவத்தையில் உங்கள் தையல் கடைக்கு எழுதுகிறேன் என்று யோசிக்க வேண்டாம். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வீடியோ கோல் எடுத்தால் ஹியூபேட் அத்தான் பக்கத்தில் இருப்பார். பழைய கதை ஒன்றைத் தொட்டால் எழும்பிப்போய் ரீவீப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டுவார். அவரைக் குறை சொல்லவில்லை. யுத்த காலத்தில் சுற்றிவளைப்பில் பிடிபட்டு, சில வாரங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்த மனிதர். ஆனால் எனக்கு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

நான் பார்த்துக்கொள்ளும் எலேனி அம்மாவை வீடியோவில் கண்டிருக்கிறீர்கள். எண்பத்திரண்டு வயது. இந்தத் தீவு ஐம்பது வருடமாக இரண்டாகக் கிடக்கிறது. தெற்கில் கிரேக்கர், வடக்கில் துருக்கியர், நடுவில் ஐ.நா. காவலில் ஆளில்லாத ஒரு துண்டு நிலம். எலேனி அம்மாவின் சொந்த வீடு வடக்கில், துருக்கிப் படை வேலியடைத்த இடத்துக்குள் நிற்கிறது. புருஷன் எழுபத்து நாலாம் ஆண்டுச் சண்டையில் காணாமல் போனவர். இப்போது நாட்டை ஒன்றாக்குகிற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. அந்த நடு நிலத்தில் ஒரு பழைய மண்டபத்தில் இரண்டு பக்கத்துப் பெண்களும் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். எலேனி அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நானும் போகிறேன்.

போன கூட்டத்தில் எடுத்த கேள்வி இது: நாடு ஒன்றான பிறகு வெளிநாட்டுப் படைகள் என்ன செய்ய வேண்டும்? இருக்க வேண்டுமா, போக வேண்டுமா? ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அப்போது கூட்டத்தை நடத்துகிறவள் என் பக்கம் திரும்பி, "நீயும் சண்டை நடந்த தீவிலிருந்து வந்தவள்தானே, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டாள்.

எண்பத்தேழில், அமைதி காக்கவென்று இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. நீங்கள் வளர்ந்த பெண். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் என்ன சொல்ல, அக்கா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி
ராணி


வெள்ளவத்தை
2025 மார்ச் 16

அன்பு ராணிக்கு,

மாதாவின் காவலில் இங்கே எல்லாரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். என் முழங்கால் மழைக்கு முதல் நாளே எனக்கு மழையைச் சொல்லிவிடுகிறது.

உன் கடிதத்தைச் சீனியம்மாதான் வாங்கி வைத்திருந்தாள். கடையில் எனக்கு உதவியாகக் கொக்கி தைக்கிற, ஹற்றன் பக்கத்துப் பெண். முத்திரையைத் தான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். தவக்காலம் என்றபடியால் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மரக்கறிதான். உன் அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். சித்திரைக் கல்யாணங்களுக்குத் தைக்கக் கொடுத்தவர்களின் துணி மேசை நிறையக் கிடக்கிறது.

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் பிளவுஸ் தைக்கிறவள். படைகளைப் பற்றிப் படைகளிடம் கேட்கச் சொல்லு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அன்புடன்
மாக்ரெட் அக்கா


நிக்கோசியா
2025 ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருநாள் வாழ்த்துகள். இந்த வருடம் இவர்களுடைய பெருநாளும் எங்களுடையதும் ஒரே நாளில் வந்தன. சிவப்புச் சாயம் போட்ட முட்டை இரண்டு நானும் சாப்பிட்டேன். நலமாக இருக்கிறேன். நீங்களும் அத்தானும் எப்படி?

இந்த மாதக் கூட்டத்தில் எலேனி அம்மா சண்டை பிடித்துவிட்டா. வடக்கிலிருந்து எமினே என்று ஒரு பெண் வருகிறா. எழுபது வயது. கலப்பு ஊரில் பிறந்தவ, கிரேக்கம் நன்றாகப் பேசுவா. எலேனி அம்மா, "ஒன்றாகிற அன்றைக்கே துருக்கிப் படை கப்பல் ஏற வேண்டும், ஒரு நாள்கூடப் பிந்தக்கூடாது" என்று சொன்னா. எமினே எழும்பி நின்று சொன்னா:

"எனக்கு எட்டு வயதில் உங்கள் ஆட்கள் என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு பதினொரு வருடம் ஒரு சின்ன வட்டாரத்துக்குள் அடைபட்டு இருந்தோம். இந்தப் படை வந்த அன்றைக்குத்தான் நான் பயமில்லாமல் நித்திரை கொண்டேன். இன்றைக்கு இந்தப் படை எனக்கும் பாரம்தான், போகட்டும். ஆனால் முதல் நாளே போகட்டும் என்று என்னால் சொல்ல ஏலாது."

எலேனி அம்மா, "என்னை வீட்டுக்குக் கொண்டுபோ" என்று மட்டும் சொன்னா.

எமினேயின் தகப்பனுடைய எலும்புகளை ஐம்பது வருடம் கழித்து ஒரு பழைய கிணற்றில் எடுத்தார்களாம். இங்கே காணாமல் போனவர்களைத் தோண்டித் தேட இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரு குழு இருக்கிறது. அதைக் கேட்ட அன்றைக்கு முழுக்க எனக்கு நேசன் அண்ணாவின் நினைவுதான். அவர் காணாமல் போன நாள்களில் என்னைக் கன்னியர் மடத்தில் விட்டிருந்தீர்கள். நீங்களும் அம்மாவும் எங்கே போய்த் தேடினீர்கள் என்று ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை.

பிளவுஸ் தைக்கிறவளுக்குப் பதில் இல்லை என்று நான் நம்பவில்லை, அக்கா.

அத்தானுக்கு என் அன்பு.

ராணி


வெள்ளவத்தை
2025 ஜூன் 29

அன்பு ராணிக்கு,

பதில் பிந்திவிட்டது. வருத்தம் ஒன்றுமில்லை, உடம்பு சுகம். நீ பயந்திருப்பாய் என்று தெரியும். மூன்று தரம் எழுதத் தொடங்கினேன். மூன்று தரமும் துணி வெட்டப் போய்விட்டேன்.

நேசன் எண்பத்தொன்பதாம் ஆண்டு நவம்பரில் சைக்கிளில் ரியூசன் வகுப்புக்குப் போனவன். பத்தொன்பது வயது. திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் துவக்குத் தூக்கிய மூன்று கூட்டம் நின்றது: இந்தியப் படை, அதோடு சேர்ந்து திரிந்த இயக்கக்காரர், அதை எதிர்த்துச் சண்டை பிடித்த இயக்கக்காரர். யார் பிடித்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சாகும்வரை தெரியாது.

விடிய எழும்பி அம்மாவும் நானும் இந்தியப் படையின் முகாம் வாசலுக்குப் போவோம். வாசலில் நின்ற பெடியன் எங்களை மரத்தடியில் இருக்கச் சொல்லித் தண்ணீர்கூடத் தந்தான். அவன் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பாஷை அவனுக்குத் தெரியாது. அம்மா நேசனின் படத்தைக் காட்டுவா. அவன் உள்ளே போய்விட்டு வந்து, நாளைக்கு வாருங்கள் என்று கையால் காட்டுவான். நாங்களும் நாளைக்குப் போவோம். அப்படியே நத்தார்ப் பெருநாள் போனது, தைப்பொங்கல் போனது.

மார்ச் மாதம் ஒரு நாள் போனோம். வாசல் திறந்து கிடந்தது. காவலுக்கு ஆள் இல்லை. உள்ளே வெறும் சாம்பலும் தகரப் பேணிகளும். படை நாட்டை விட்டுப் போய்விட்டது. ஊரில் சிலர் வெடி கொளுத்தினார்கள். அம்மா அந்த முற்றத்தின் நடுவில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டா: "இனி ஆரிட்டயடி கேக்கிறது?"

இதுதான் எனக்குத் தெரிந்த பதில், ராணி. எமினேயின் பயமும் எனக்கு விளங்குகிறது, உன் எலேனி அம்மாவின் கோபமும் விளங்குகிறது. இருக்கச் சொல்லவும் மாட்டேன், போகச் சொல்லவும் மாட்டேன். போகமுன் சொல்லிவிட்டுப் போகட்டும். நின்ற இடத்தில் என்ன நடந்தது, யாரைக் கண்டது, யாரைக் கொண்டுபோனது என்று சொல்லாமல் ஒரு படையும் கப்பல் ஏறக்கூடாது.

இன்னொன்று. போன வாரம் கடைக்கு ஒரு பெண் பிளவுஸ் தைக்க வந்தாள். கொழும்பு ஏழில் ஒரு ஹோட்டலில் செப்ரெம்பரில் பெரிய கருத்தரங்காம், அவள்தான் மேடையில் நடத்துகிறவள். பிரிந்த நாடுகள் ஒன்றான பிறகு வெளிநாட்டுப் படைகளின் பங்கு என்ன என்பதுதான் தலைப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. உன் கேள்வி என் கடைப் படி ஏறி வந்து நிற்கிறது. கொரியாவாம், சைப்பிரஸாம். இந்தியப் படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் வருகிறாராம். அப்போ எங்கட நாடு எங்கே என்று கேட்டேன். "அது இதில இல்லை அன்ரி, அது முடிஞ்ச விஷயம்தானே" என்றாள்.

அவளுடைய தோள் அளவை எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் ஊசி இல்லாதது அவளுடைய நல்ல காலம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாக்ரெட் அக்கா


நிக்கோசியா
2025 ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை எலேனி அம்மாவுக்குக் கிரேக்கத்தில் வாசித்துக் காட்டினேன். முகாம் முற்றத்தில் நின்று எங்கள் அம்மா கேட்டதை இரண்டு தரம் சொல்லச் சொன்னா. பிறகு தன் புருஷன் பெயரைச் சொன்னா. ஐந்து வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அந்தப் பெயரை அவ வாயால் கேட்டது அன்றைக்குத்தான். அந்திரேயாஸ்.

அவவின் மகன் கோஸ்தா கதவடியில் நின்று கேட்டிருக்கிறான். என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தக் கூட்டத்துக்கு அம்மாவைக் கொண்டுபோகக் கூடாது, அரசியல் பேச உனக்கு வீசா எடுத்துத் தரவில்லை, ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது, அதை நினைத்துக்கொள் என்றான்.

நீங்கள் அந்தக் கருத்தரங்குக்குப் போகப்போகிறீர்கள். எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். போங்கோ அக்கா. ஆனால் தனியாகப் போக வேண்டாம்.

பிரஷர் பார்த்துக்கொண்டு போங்கள்.

ராணி


வெள்ளவத்தை
2025 ஆகஸ்ட் 24

அன்பு ராணிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. கோஸ்தாவுக்குப் பயந்து சாப்பிடாமல் கிடக்காதே.

ஹியூபேட்டுக்குத் தெரிந்துவிட்டது. அலுமாரியில் இருந்த நேசனின் படத்தைக் கடைக்குக் கொண்டுபோகப் பையில் வைத்தேன், கண்டுவிட்டார். இரண்டு நாள் ரீவீச் சத்தம்தான். மூன்றாம் நாள், நீ போனால் நான் வத்தளையில் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். உடுப்புப் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். மடித்து வைக்கவும் உதவி செய்தேன்.

சீனியம்மா என்னோடு வருகிறாள். தைத்து முடித்த பிளவுஸை ஹோட்டலுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

மாக்ரெட் அக்கா


நிக்கோசியா
2025 செப்ரெம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கோல் எடுத்தால் அத்தான், அக்கா நித்திரை என்கிறார். பகலிலும் நித்திரை என்கிறார். கடை நம்பரை ஒருவரும் எடுப்பதில்லை. அத்தான் வத்தளைக்குப் போகவில்லை என்பது மட்டும் விளங்குகிறது.

என்ன நடந்ததென்றாலும் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

ராணி


கொட்டாஞ்சேனை
2025 ஒக்ரோபர் 5

அன்புள்ள மச்சாள் ஜீவராணிக்கு,

ஹியூபேட் எழுதுவது. நீங்கள் நலமென்று நம்புகிறேன். மாக்ரெட்டுக்கு இப்போது பிரஷர் இறங்கிவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவ. ராணிக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினவ. இனி மறைக்க எனக்கு மனமில்லை.

செப்ரெம்பர் பதினெட்டாம் திகதி சீனியம்மாவோடு அந்த ஹோட்டலுக்குப் போயிருக்கிறா. பிளவுஸைக் கொடுத்துவிட்டு, திரும்பி வராமல் மண்டபத்தின் பின்வரிசையில் இருந்துவிட்டா. கேள்வி நேரம் வந்ததும் எழும்பி நேசனின் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறா. சீனியம்மா சொல் மாறாமல் எனக்குச் சொன்னாள்:

"படை வந்த திகதியும் போன திகதியும் உங்கட புத்தகத்தில இருக்கு. இவன் எந்தத் திகதியில இருக்கிறான்? முகாமடியில நாளைக்கு வாங்கோ எண்டு சொன்னீங்கள். நான் வந்திருக்கிறன். சொல்லுங்கோ."

இது நமது தலைப்பில் இல்லை என்று மேடையில் இருந்த பெண் சொல்லியிருக்கிறாள். உங்கட தலைப்பே இதுதான் என்று இவ சொல்லியிருக்கிறா. மைக்கை நிறுத்தினார்கள், இவ மைக் இல்லாமல் பேசினா. தேத்தண்ணி நேரத்தை முன்னுக்குப் போட்டார்கள், எல்லாரும் எழும்பிப் போன மண்டபத்தில் இவ தனியாக நின்றா. ஹோட்டல்காரர் பொலிஸைக் கூப்பிட, அவர்கள் வாக்குமூலம் எடுக்க இவவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

சீனியம்மா ஃபோனில் சொன்னதும் த்ரீவீல் பிடித்துப் போனேன். என்னுடைய எண்ணம், படத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பொலிஸில் போய்க் கும்பிட்டு அவவைக் கூட்டிக்கொண்டு வருவது. ஹோட்டல் வாசலில் சீனியம்மா, இவ தன் கையில் விட்டுப்போன படத்தைத் தந்தாள். அந்த நேரம் கூட்டத்துக்கு வந்தவர்கள் கார் ஏற வெளியே வந்தார்கள். சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது, மச்சாள். சட்டைக்குள் வைக்கப் போன படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். காவலாளி சிங்களத்தில் போகச் சொன்னான். இது என் மச்சான், நான் தெருவில்தான் நிற்கிறேன் என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

நரைத்த தலை மனிதர் ஒருவர் காரில் ஏறாமல் வந்து பார்த்தார். பெயர் என்ன என்று தமிழில் கேட்டார். மரியநேசன் என்றேன். கடைசிக் கார் போகும்வரைக்கும் நின்றேன். அதற்குப் பிறகுதான் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே என்னைக் கண்டதும் உங்கள் அக்கா, "வத்தளைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டா.

வீட்டுக்கு வருகிற வழியில் மயங்கி விழுந்துவிட்டா. இப்போது பயமில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு
ஹியூபேட்


வெள்ளவத்தை
2025 ஒக்ரோபர் 19

அன்பு ராணிக்கு,

ஹியூபேட் எழுதியது தெரியும். கோபம் இல்லை. நான் எழும்பி நடக்கிறேன், கடைக்கு வருகிறேன், சாப்பாட்டில் உப்பு மட்டும் இல்லை. உன் உடம்பு எப்படி?

அந்த நரைத்த மனிதர் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே கடைக்கு வந்தார். விலாசம் பிளவுஸ்காரி கொடுத்திருக்கிறாள். கருத்தரங்குக்கு வந்த அதிகாரி அவர்தான். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் இருந்தாராம், ஆனால் வேறு முகாமில். "உங்கள் தம்பியை எனக்குத் தெரியாது, அம்மா. கேட்ட அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மன்னிக்க வேண்டும்" என்றார்.

இருங்கோ என்று நான் சொல்லவில்லை. சீனியம்மாதான் கதிரை போட்டு அவரை உட்கார வைத்தாள்.

"மன்னிப்பு நான் கேக்கேல்லை. உங்களுக்குத் தெரியாட்டி, தெரிஞ்ச ஆள் ஆரோ உங்கட நாட்டில உயிரோட இருக்கிறார். அவரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. கடை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூட்டு" என்றேன்.

கேட்கிறேன் என்றார். கேட்பாரோ தெரியாது. நான் விடப்போவதில்லை. ஹியூபேட் இப்போது என்னைவிட மோசம். அந்த நாளில் ஊரில் துவக்கோடு நின்ற எல்லாரிடமும் கேட்க வேண்டும், எங்கட ஆட்களையும் விடக்கூடாது என்று சொல்லித் திரிகிறார்.

நீயும் உன் கூட்டத்தில் சொல்லு. வேலை போனால் இங்கே ஒரு மெஷின் சும்மா கிடக்கிறது.

மாக்ரெட் அக்கா


நிக்கோசியா
2025 நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இந்த முறை இருவர் பெயரையும் போட்டு, கொட்டாஞ்சேனை விலாசத்துக்கே எழுதுகிறேன். நான் நல்ல சுகம். உப்பில்லாச் சோறு பழகிவிட்டதா?

நேற்றுக் கூட்டம். காலையில் கோஸ்தா வாசலில் காரைக் குறுக்கே விட்டுக்கொண்டு நின்றான். எலேனி அம்மா மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, "இவளை வேலையால் நிறுத்தினால் நீதான் என்னைக் குளிக்க வார்க்க வேண்டும்" என்று சொன்னா. அவன் காரை விலக்கினான். ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் சண்டைக்குப் பிறகு இப்போதுதான் எலேனி அம்மா அங்கே வந்தா. எமினே எதிர் வரிசையில் இருந்தா. இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. பேச்சுவார்த்தை நடத்துகிறவர்களுக்கு அனுப்ப ஒரு கோரிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். இருக்க வேண்டுமா போக வேண்டுமா என்பதிலேயே நின்றது. நான் கையைத் தூக்கினேன்.

என் அண்ணாவின் பெயரைச் சொன்னேன். நீங்களும் அம்மாவும் வெறும் முகாமில் நின்றதைச் சொன்னேன். "எவ்வளவு நாள் இருந்தாலும், எப்போது போனாலும், போகமுன் சொல்லிவிட்டுப் போகட்டும். இது என் அக்காவின் பதில்" என்று சொன்னேன். என் கிரேக்கம் பிழையாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை.

எமினே முதலில் தலையை ஆட்டினா. கூட்டத்தை நடத்துகிறவள் எழுதத் தொடங்கினாள். பிறகு பேனையை நிறுத்தி, எந்தப் படை என்று எழுதுவது, துருக்கிப் படை என்றா என்று கேட்டாள். மண்டபம் எலேனி அம்மாவைப் பார்த்தது.

எலேனி அம்மா நாற்காலியைத் தள்ளச் சொல்லி எனக்குக் கை காட்டினா. தள்ளிக்கொண்டு போய் எமினேக்கு முன்னால் நிறுத்தினேன்.

"வந்த எல்லாப் படையும் என்று எழுது" என்றா எலேனி அம்மா. எமினேயைப் பார்த்துக்கொண்டே சொன்னா: "எங்கள் ஆட்களையும் சேர்த்து எழுது. இவளுடைய அப்பாவின் பெயரை முதலில் போடு."

அன்புடன்
ராணி